75 லட்சத்தைத் தாண்டிய வருடம்

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆடிட்டர் கூப்பிட்டார். "இந்த வருஷம் உங்க பில்லிங் 75 தாண்டிரும் போல இருக்குங்களே, கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனிக்கவில்லை. ஜெர்மனியில் இருக்கும் ஒரு கிளையன்ட் ஆகஸ்டிலிருந்து கூடுதல் வேலை கொடுத்திருந்தார். ராத்திரி பகலாக முடித்து, சந்தோஷமாக இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தேன். "தாண்டினா என்னங்க சார்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேர்ல வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்றார்.

என்னைப் போலத் தனியாக மென்பொருள் வேலை செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்ற பிரிவு பெரிய உபகாரம். மொத்த வரவு 75 லட்சத்துக்குள் இருந்து, ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால், வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். பில், வவுச்சர் என்று எதுவும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. (1 ஏப்ரல் 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. வாய்க்குப் பழகிய பெயர் இன்னும் 44ஏடிஏதான்.) சரியாக 75 லட்சம் வந்திருந்தால் எனக்கு லாபம் 37.5 லட்சம், புதிய வரி முறையில் (நியூ ரெஜிம்) செஸ் சேர்த்து வரி 7,33,200 ரூபாய்.

எனக்கு அந்த வருடம் 90 லட்சம் வரும் என்று தெரிந்தது. எல்லையைத் தாண்டினால் பாதிக்கணக்கு கிடையாது. உண்மையான லாபத்தைக் காட்ட வேண்டும். என் செலவு என்ன? கோவை ஹோப் காலேஜ் பக்கம் ஒரு சின்ன அறை, என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பையன்களின் சம்பளம், லேப்டாப், இன்டர்நெட். எல்லாம் சேர்ந்து 10 லட்சம். லாபம் 80 லட்சம். 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம், லாபம் 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 22,65,120 ரூபாய்.

ஆடிட்டர் மேஜையில் அந்த இரண்டு எண்களையும் மேலும் கீழுமாக எழுதிக் கழித்துப் பார்த்தேன். கூடுதலாகச் சம்பாதித்தது 15 லட்சம். கூடுதல் வரி 15,31,920. ஆகஸ்டிலிருந்து என் மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்த அத்தனை வேலையும் முழுசாகப் போய், கையிலிருந்தும் 32 ஆயிரம் போகிறது. அது போதாதென்று, ஜூன், செப்டம்பர் அட்வான்ஸ் டாக்ஸ் தவணைகளைக் கட்டாததற்கு வட்டி வேறு. 44ஏடிஏவில் இருந்தவரை மார்ச் 15க்குள் ஒரே தடவையாகக் கட்டிப் பழகியிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்த விதி நியாயமில்லை என்றே நினைக்கிறேன். படிப்படியாக ஏறும் வரிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஒரு ரூபாய் கூடினால் லட்சக்கணக்கில் வரி எகிறும் இந்தச் செங்குத்துச் சரிவு, உழைக்கிற மனுசனைப் பார்த்து "இதுக்கு மேல வேலை செய்யாதே" என்று சொல்கிறது. சம்பளக்காரருக்கு பி.எஃப். உண்டு, கம்பெனி இன்சூரன்ஸ் உண்டு. எனக்கு அந்த இரண்டும் கிடையாது. என் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டிருந்தேன், 22 செப்டம்பர் 2025 முதல்தான் அதை எடுத்தார்கள்.

அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அழைப்பு வந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் கூட்டம். துபாயில் தொழில் தொடங்கினால் வருமான வரி பூஜ்யம். போனேன். நூறு பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் என் வயதுக்காரர்கள், எல்லோர் முகத்திலும் நான் ஆடிட்டர் மேஜையில் வைத்திருந்த அதே முகம். மேடையில் பேசியவர் சுருக்கமாகச் சொன்னார்: ஃப்ரீ ஸோனில் (வெளிநாட்டவர் தொழில் தொடங்கச் சலுகை தரும் பகுதி) லைசென்ஸ் எடுங்கள், எமிரேட்ஸ் ஐடி வாங்குங்கள், இந்தியாவில் இருக்கும் நாட்கள் வருடத்தில் 182ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிமனித வருமான வரி கிடையாது. தன் பெயரிலேயே தொழில் செய்கிறவருக்கு வருட விற்றுமுதல் 10 லட்சம் திர்ஹம் தாண்டினால்தான் கம்பெனி வரியே வரும். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் என் 90 லட்சம் அங்கே 3.75 லட்சம் திர்ஹம். பக்கத்திலேயே வராது.

அப்புறம் இரண்டு வாரம் தூக்கமே இல்லை. ஒவ்வொரு நாடாகத் தேடினேன். ஜார்ஜியாவில் சிறுதொழில் பதிவு செய்தால் விற்றுமுதலில் 1 சதவீதம். போர்ச்சுகல் 2009ல் வெளிநாட்டவருக்கு ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்து, 2024ல் புதிதாக வருபவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. இத்தாலி பணக்காரர்களுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு வருடம் ஒரு லட்சம் யூரோ என்று மொத்த வரி வைத்தது. 2024ல் அதை இரண்டு லட்சமாக்கியது. பிரிட்டனை நிரந்தரத் தாயகமாகக் கொள்ளாதவர்களின் வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே இருநூறு வருடத்துக்கு மேல் இருந்த நான்-டாம் சலுகை 2025 ஏப்ரலில் முடிந்தது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: இந்தச் சலுகைகள் எல்லாம் ஒரு பட்ஜெட்டில் வருகின்றன, இன்னொரு பட்ஜெட்டில் போகின்றன. என் மகள் ஆறாம் வகுப்பு. அவள் பள்ளியை அந்த வேகத்தில் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

துபாய் மட்டும் மனதில் நின்றது. அங்கே பெரியம்மா பையன் இருக்கிறார். 2006ல் போனவர். டிசம்பரில் அதிகாலை ஷார்ஜா விமானத்தைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வீடு அல் நஹ்தாவில், இரண்டு படுக்கையறை. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அலமாரியைத் திறந்து ஒரு செக் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான்கு அடிக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் 22,500 திர்ஹம் என்று எழுதி, மூன்று மாத இடைவெளியில் தேதி போட்டிருந்தது. அங்கே வாடகையை மாதாமாதம் கொடுப்பதில்லை. வருட ஒப்பந்தம் போடும்போதே பின்தேதியிட்ட செக்குகளைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது அடிக்கட்டையின் ஓரத்தில் பென்சிலில் சின்னதாக "அப்பா ஆபரேஷன்" என்று எழுதியிருந்தது. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த மாதம் அது. "அந்த மாசம் ரெண்டையும் சமாளிக்க ஒரு ஃப்ரெண்ட் கிட்ட கைமாத்து வாங்கினேன் தம்பி" என்றார். எனக்கு அதுவரை தெரியாது. ஊரில் யாருக்குமே தெரிந்திருக்காது.

"நான் வந்தப்ப இங்க வரிங்கற பேச்சே கிடையாது" என்றார். "2018 ஜனவரில வாட் 5 சதவீதம் வந்துச்சு. எங்க கம்பெனிக்கு முதல் ரிட்டர்ன் போட்டதே நான்தான். 2023 ஜூன்லருந்து கம்பெனி வரி, 3,75,000 திர்ஹத்துக்கு மேல லாபம் வந்தா 9 சதவீதம். சின்னக் கம்பெனிகளுக்கு 2026 கடைசி வரைக்கும் ஒரு சலுகை. பக்கத்துல ஓமன்ல பாரு, 2028ல இருந்து தனி ஆளுக்கே 5 சதவீதம்னு சட்டம் போட்டுட்டாங்க." ஓமனில் அது வருடம் 42,000 ரியாலுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குத்தான், என்னைப் போன்றவர்களைத் தொடாது. ஆனாலும் வளைகுடாவில் தனிமனித வருமான வரி விதிக்கும் முதல் நாடு அது என்பதை அண்ணன் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் அண்ணிதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். மளிகை சாமானை விட்டுவிடலாம், அதை எங்கே இருந்தாலும் வாங்கித்தானே ஆக வேண்டும் என்றார். வாடகை 90,000 திர்ஹம். வாடகையில் 5 சதவீதம் மாநகராட்சி வீட்டுக் கட்டணம், தண்ணீர், மின்சார பில்லோடு சேர்ந்து வரும், 4,500. புரோக்கர் கமிஷன் இன்னொரு 4,500. லைசென்ஸ், மூன்று பேர் விசா 28,000. மகளுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, பஸ்ஸோடு 19,000. இன்சூரன்ஸ் 10,000. பழைய கார், பெட்ரோல், சாலிக் சுங்கம் 18,000. கரன்ட், தண்ணி, போன் 12,000. ஊருக்கு வந்து போக டிக்கெட் 9,000. கூட்டினால் 1,95,000 திர்ஹம்.

46 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். பீளமேட்டில் எனக்குச் சொந்த வீடு. அதை வாடகைக்கு விட்டால் வருடம் 3 லட்சம் வரும். இங்கே ஆகும் பள்ளிச் செலவு, பெட்ரோல், கரன்ட் ஒரு 4 லட்சம் மிச்சம். அதெல்லாம் கழித்தாலும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட 40 லட்சம். மிச்சமாகப் போகும் வரி 22.65 லட்சம். அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் மட்டும் வந்தால்? அதையும் போட்டோம். ஸ்டூடியோ வாடகை 42,000, லைசென்ஸ், விசா 16,000, இன்சூரன்ஸ் 3,000, சாப்பாடு 15,000, பஸ், மெட்ரோ 6,000, அடிக்கடி வந்து போக டிக்கெட் 12,000. 94,000 திர்ஹம், அதாவது 22 லட்சத்து 56 ஆயிரம். வரியும் செலவும் ஏறக்குறைய ஒரே எண். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டாம் என்று நினைத்த பணத்தை வீட்டு ஓனருக்கும் விமானக் கம்பெனிக்கும் கட்டிவிட்டு, மனைவி மகள் முகத்தை போனில் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் இப்படியே வராது. வருடம் 2 கோடி லாபம் பார்க்கிறவருக்கு இங்கே வரி சுமார் 67 லட்சம். அவர் குடும்பத்தோடு போனாலும் கையில் நிற்கும். ஊரில் 40 ஆயிரம் சம்பளத்தில் இருந்து அங்கே பல மடங்கு சம்பளத்துக்குப் போகிறவர், அண்ணன் போனது போல, வேறு கதை. அவர் பிழைப்புக்குப் போகிறார். நான் பேசுவது என்னைப் போல நடுவில் நிற்கிறவர்களுக்கு. அவிநாசி ரோடு ஹோட்டலில் உட்கார்ந்திருந்த நூறு பேரில் பெரும்பாலானவர்கள் அந்த நடுவில்தான் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் யாரிடமும் மேடையில் இருந்தவர் வாடகை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாள் கணக்கும் அவர் சொன்ன அளவுக்கு எளிதில்லை. திரும்பி வந்து ஆடிட்டரிடம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த ரெண்டு பசங்க எங்க உட்கார்ந்து வேலை செய்வாங்க?" ஹோப் காலேஜ் அறையில்தான். "அப்ப தொழில் இங்கதானே நடக்குது. நீங்க துபாய்ல இருந்தாலும் வருமானத்துல அவங்க வேலைக்கான பகுதிக்கு இங்க வரிக் கேள்வி வரும்" என்றார். அவர்களை அனுப்பிவிட்டால் பிரச்சினை இல்லை. அதில் ஒருவன் தன் தங்கை கல்யாணக் கடனை இந்தச் சம்பளத்தில்தான் அடைத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது, கிளம்பும் வருடம். ஏப்ரல் 1ல் இருந்து எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாள். 28க்குள் விமானம் ஏறி, அடுத்த மார்ச் வரை ஊர்ப்பக்கமே வராமல் இருந்தால்தான் அந்த வருடத்துக்கு என்.ஆர்.ஐ., அதாவது வரிக்கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர். ஒரு நாள் பிந்தினாலும் அந்த வருடம் முழுக்க, உலகத்தில் எங்கே சம்பாதித்ததற்கும் இந்தியாவில் வரி. செப்டம்பரில் கிளம்பினால் தீபாவளி, பொங்கல் இரண்டுக்கும் வரக் கூடாது. அப்பாவுக்கு ஏதாவது என்றாலும் நாளை எண்ணிவிட்டுத்தான் வர வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. என்.ஆர்.ஐ. ஆன பிறகும், இந்தியாவில் இருக்கும் நாட்களில் இங்கே உட்கார்ந்து செய்த வேலையின் வருமானம் இந்திய வருமானம்தான். வீட்டுக்கு வந்து சமையலறையில் தொங்கும் காலண்டரை எடுத்தேன். 2025ல் உடுமலையில் அப்பா வீட்டில் இருந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்து வட்டம் போட்டேன். 61 நாள். அதில் திண்ணையில் லேப்டாப் வைத்து வேலை பார்த்தது ஒரு 40 நாள் இருக்கும். வருடத்தில் 240 வேலை நாள் என்று வைத்தால் என் லாபம் நாளுக்கு 33 ஆயிரம். 40 நாளுக்கு 13.3 லட்சம். வாடகை வருமானம், டெபாசிட் வட்டி சேர்த்தால் 15 லட்சம் தாண்டும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டால் 2020ல் வந்த திருத்தப்படி 182 நாள் எல்லை 120 ஆகிறது. வேறெந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இங்கேயே வசிப்பவராகக் கருதும் விதியும் அதே 15 லட்சத்தில்தான் தொடங்குகிறது. அப்படிக் கருதினாலும் வெளிநாட்டு வருமானம் முழுவதையும் தொடமாட்டார்கள், ஆனால் இங்கிருந்து நடத்தப்படும் தொழிலின் வருமானத்தைத் தொடுவார்கள். என் கதை அதுதான்.

அப்பா வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பை எடுத்துப் போகக் கூடாது, அல்லது போகவே கூடாது. சட்டம் கேட்பது அந்த இரண்டில் ஒன்று. 61 வட்டங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதை அழிப்பது? ஜூலையில் ஒரு வாரம் அப்பாவின் ஸ்டென்ட் செக்கப். செப்டம்பரில் நான்கு நாள் தென்னையில் வெள்ளை ஈ என்று மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் நானே நின்றது. மற்றதெல்லாம் காரணமே இல்லாமல் போனது. சும்மா போய், சாயங்காலம் அவரோடு தோப்பில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்த நாட்கள்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அதுவரை என் வருமானம் எவ்வளவு என்று அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. "22 லட்சம் வரி கட்டோணுங்க" என்றேன். அவர் மட்டை கிழித்துக்கொண்டிருந்த அரிவாளை நிறுத்தினார்.

"வரியே அவ்வளவுன்னா, உனக்கு எவ்வளவு சாமி வருது?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அவருக்குத் தெரிந்த வரி கிராம நிர்வாக அலுவலகத்தில் கட்டும் தீர்வை மட்டும்தான். ரசீதுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார், என் தாத்தா கட்டினது முதல். கொஞ்ச நேரம் கழித்து, "துபாய் போறதுன்னா போ. எனக்காக நிக்க வேண்டாம். ஆனா வரிக்காகப் போறேன்னு சொல்லாதே, எனக்கு அது புரியல" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வேலை பிடித்துப் போகலாம். பிள்ளை படிப்புக்காகப் போகலாம். ஊரில் மூச்சு முட்டுகிறது என்றும் போகலாம். வரி மட்டுமே காரணமாக இருந்தால், போன இடத்தில் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டேதான் வாழ வேண்டியிருக்கும். கணக்கு லாபமாக வந்திருந்தாலும் நான் கஷ்டப்பட்டிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மார்ச் 15ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். வலித்தது. ஏப்ரலில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தேன். கம்பெனி வரி சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம். நான் 30 லட்சம் சம்பளமாக எடுத்து மீதியைத் தொழிலிலேயே விட்டால் மொத்த வரி 17 லட்சத்துச் சில்லறை. டிவிடெண்டாக வெளியே எடுக்கும்போது திரும்ப வரி உண்டு, தெரியும். ஆனால் நான் எடுக்கப் போவதில்லை; மூன்றாவதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்கிறாள், இரண்டு பையன்களுக்கும் சம்பளம் கூட்டியிருக்கிறேன். கூட்டம் நடத்தியவர்களிடமிருந்து இன்னும் மெசேஜ் வருகிறது, ஏப்ரல் பள்ளி அட்மிஷன் போனால் என்ன, செப்டம்பருக்குள் கிளம்பிவிடலாம் என்று.

இதற்கிடையில் அண்ணன் ஊர் திரும்பும் முடிவுக்கு வந்திருக்கிறார். அத்தனை வருடம் வெளியே இருந்துவிட்டு வருகிறவருக்கு, வந்த பின்னும் இரண்டு மூன்று வருடம் அங்கே உள்ள டெபாசிட் வட்டிக்கு இங்கே வரி இல்லை என்று ஒரு விதி இருக்கிறது. எந்த மாதம் வந்து இறங்கினால் அது முழுசாகக் கிடைக்கும், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆடிட்டரிடம் சனிக்கிழமை 11 மணிக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணி, எந்த மாதமானாலும் சரி, தீபாவளிக்கு முன்னால் வரும்படி பார்க்கச் சொன்னார்.